மீதி ஆறரை மணி நேரம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே என் பொழுது விடிகிறது. நானும் சுகம் என்று எழுதிவிட்டுக் கீழே வேறு மாதிரி எழுதினால் திட்டுவாய். அதனால் இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டேன்.

கால் வீங்குகிறது, நாளெல்லாம் நின்று செய்கிற வேலையால்தான் என்று முன்பு எழுதியிருந்தேனே. வேலையால் இல்லையாம். போன மாதம் விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் ஒரு பெட்டியைத் தராசில் ஏற்றும்போது மூச்சு முட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். எனக்கு எது போனாலும் ஜோடியாகத்தான் போகும், உனக்குத் தெரியாததா? எத்தனை செருப்பு தொலைத்திருக்கிறேன்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நாலு மணி நேரம் மெஷினில் படுக்கிறேன். ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து, துவைத்து, இன்னொரு குழாயில் திருப்பி விடுகிறது. கம்பெனி ஆஸ்பத்திரி என்பதால் இதை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் இல்லை. தண்ணீர்தான் கஷ்டம். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். அதற்கு மேல் ஒரு மடக்கு குடித்தாலும் நெஞ்சில் ஏறிக்கொள்கிறது.

டாக்டர் சொன்னதை, என்னோடு அறையில் இருக்கும் சமையல்காரர் மொழிபெயர்த்தார். "கூடப் பிறந்தவங்க யாராவது ஒண்ணு குடுத்தா நீ பழையபடி நடமாடலாமாம்டா." இங்கே இறந்தவர்களின் கிட்னிக்கு ஒரு வரிசை உண்டு. அதில் இந்த நாட்டுக்காரர்கள் எல்லோரும் முடிந்த பிறகுதான் என் போன்ற ஆட்கள்.

எனக்குக் கூடப் பிறந்தது யார் என்று நான் எழுதத் தேவையில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

கொட்டகைச் சுவரில் எல்லா விமான நிலையங்களுக்கும் தூரமும் நேரமும் போட்ட அட்டவணை இருக்கிறது. இங்கிருந்து உன் பக்கத்து விமான நிலையம் பதினோராயிரத்து முந்நூறு கிலோமீட்டர். முதல் விமானம் ஏழு மணி பத்து நிமிடம், நடுவழி ஊரில் ஐந்து மணி நேரம் காத்திருப்பு, அடுத்த விமானம் ஆறரை மணி நேரம். ஆக மொத்தம் பதினெட்டு மணி நாற்பது நிமிடம். நான் ஒட்டுச்சீட்டு ஒட்டி அனுப்பும் பெட்டிகள் எல்லாம் அந்த நேரத்தில் அங்கே வந்துவிடுகின்றன. இந்தக் கடிதம் மட்டும் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும்.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு முத்தம்.

தம்பி

--

ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. நாங்கள் நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நலம்தான்.

"நான் எதுவும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறாயே, யாரிடம் காட்டுகிறாய் இந்த ரோஷத்தை? கேட்காமலேயே என் தட்டிலிருந்து எடுத்துத் தின்று வளர்ந்தவன்தானே நீ? எனக்கு இரண்டு இருக்கிறது. ஒன்று உனக்கு. இதில் பேச என்ன இருக்கிறது?

கடிதத்தைத் தையல் கூடத்தில் வைத்துத்தான் படித்தேன். பள்ளிக்கூடச் சட்டை முந்நூறு, காலர் வைக்காமல் குவிந்து கிடந்தது. படித்து முடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு முதலாளியம்மாவிடம் போய், "எனக்கு ரெண்டு மாசம் லீவு வேணும், என் தம்பிக்கு உடம்பைக் குடுக்கப் போறேன்" என்றேன். அவள் பயந்துபோய் என்னை உட்கார வைத்துவிட்டாள்.

அத்தான் பஸ் பணிமனையிலிருந்து கைக் கரியோடு வந்தார். கடிதத்தைத் தொடாமல் என்னையே படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கை கழுவினார். பிறகு, "எப்போ கிளம்பணும்?" என்றார். அவ்வளவுதான். அதிகம் பேசாத ஆளைக் கட்டிக்கொண்டதில் இப்படிச் சில சௌகரியம் உண்டு.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. விசாவுக்கு உன் ஆஸ்பத்திரிக் காகிதம் வேண்டுமாம், உடனே அனுப்பு. பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்தே வர வேண்டுமா என்று சின்னவள் கேட்கிறாள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் தையல் மெஷினில் உட்காருகிறவளுக்கு இதெல்லாம் ஒரு உட்காருதலா?

மூன்று டம்ளருக்கு மேல் குடிக்காதே. சீக்கிரமே நான் வந்து நிற்பேன்.

உன் அக்கா

--

மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மூச்சு இப்போது எப்படி இருக்கிறது? படியேற முடிகிறதா? சமையல்காரர் உப்பில்லாமல் தனியாகச் சமைத்துத் தருகிறார் என்று எழுதியிருந்தாய். அவருக்கு என் நன்றியைச் சொல்.

விசா கொடுக்கவில்லை. முதல் தடவை மறுத்தபோது உனக்கு எழுதவில்லை. இரண்டாம் தடவை கேட்டால் கிடைத்துவிடும், சேர்த்து எழுதலாம் என்று இருந்தேன். போன வாரம் அதுவும் ஆயிற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம்பெண். நம் மொழியிலேயே பேசினாள். "திரும்பி வந்துடுவீங்கன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டாள். புருஷன் இருக்கிறார், பெண் இருக்கிறாள், வேலை இருக்கிறது என்றேன். "சொந்தமா வீடு?" இல்லை. "நிலம்?" இல்லை. "பேங்க்ல?" அதுவும் இல்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது, கேட்டேவிட்டேன்: "ஏம்மா, என்னைத்தானே நம்பலை? என் கிட்னியை மட்டும் அனுப்பினா விடுவீங்களா? அது போய்ட்டு எங்கேயும் ஒளிஞ்சுக்காது." அந்தப் பெண் சிரிக்கவில்லை. குனிந்து முத்திரை குத்தினாள்.

சும்மா கேட்கவில்லைடா. இங்கே இந்த ஆபரேஷன் செய்கிற பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் நிஜமாகவே கேட்டேன். ஐஸில் வைத்தால் கிட்னி ஒரு நாள் வரை தாங்குமாம். நீ போட்ட கணக்குப்படி பதினெட்டு மணி நாற்பது நிமிடம்தானே? வந்து சேர்ந்துவிடும்! நாடு விட்டு நாடு அப்படி அனுப்ப இங்கே ஏற்பாடே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ ஒட்டுச்சீட்டு ஒட்டுகிற பெட்டிகளில் என்னென்னவோ வருகிறது. இது வராதாம்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னேன். அத்தான் சாப்பிடாமல் எழுந்து போனார். உனக்கு இதை எப்படி எழுதுவது என்று நாலு நாள் பேனாவை மூடி மூடித் திறந்தேன். மனசை விட்டுவிடாதே. வேறு வழி பார்க்கிறேன்.

உன் அக்கா

--

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சமையல்காரருக்கும் படித்துக் காட்டினேன். கிட்னி ஒளிந்துகொள்ளாது என்ற இடத்தில் சிரித்தார், பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். எல்லோரும் சுகமாக இருங்கள். என் உடம்பு போகிற போக்கில் போகிறது.

வேறு வழி இருக்கிறது. நீ வர முடியாது; நான் வரலாமே? அது என் ஊர்தானே, அங்கே யார் என்னிடம் நிலம் கேட்கப் போகிறார்கள்? உங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

கணக்குப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷினிலிருந்து இறக்குவார்கள். அன்று இரவு பத்து மணிக்கு விமானம். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே இறங்குவேன். பஸ் பிடித்து ஞாயிறு காலைக்குள் உன் வீடு. திங்கள் காலை உங்கள் ஆஸ்பத்திரியில் மெஷின். இங்கேயும் வெள்ளி விட்டால் திங்கள்தானே? ஒரு மணி நேரம்கூட உதைக்கவில்லை.

டாக்டருக்கு அரை மனசுதான். இதயம் கொஞ்சம் களைத்திருக்கிறதாம். "நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டா ஒண்ணுமில்ல" என்கிறார். இருபத்தைந்து வயதிலிருந்து இந்தக் கொட்டகையில் நேரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். நேரத்துக்குச் சேராமல் எங்கே போவேன்?

நீ செய்ய வேண்டியது இரண்டு. ஆஸ்பத்திரியில் எனக்கு இடம் சொல்லி வை. உனக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும், அதை எடுத்துவிட்டு எழுது. எழுதினதும் டிக்கெட் போடுகிறேன். கம்பெனியில் மூன்று மாதம் லீவு தருகிறார்கள், வேலை காத்திருக்குமாம்.

பத்து வருஷம் ஆயிற்று. சின்னவள் என்னை யார் என்று கேட்டால் என்ன சொல்வாய்?

தம்பி

--

ஏப்ரல் 28

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் நலத்தை எழுது.

டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று. ரத்தம் நாலு சின்னக் குப்பி எடுத்தார்கள். படமும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். வெயில் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. சின்னவளுக்குப் பரீட்சை முடிந்தது, கணக்கில் மட்டும் உன்னை மாதிரி, மற்றதில் எல்லாம் என்னை மாதிரி. தையல் கூடத்துக்குப் புது மெஷின் இரண்டு வந்திருக்கிறது, சத்தமே இல்லை, ஓடுகிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அவசரப்பட்டு எதுவும் செய்யாதே. டாக்டரிடம் இன்னும் ஒரு தடவை பேச வேண்டும். பேசிவிட்டு எழுதுகிறேன்.

உன் அக்கா

--

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?

போன கடிதத்தில் வெயிலையும் தையல் மெஷினையும் எழுதினாய், டெஸ்ட் என்ன சொன்னது என்று எழுத மறந்துவிட்டாய். சமையல்காரர் சொல்கிறார்: "சரியில்லைன்னா அன்னிக்கே எழுதியிருப்பாங்கடா. நல்ல சேதிக்குத்தான் ஆளுங்க சாவகாசமா இருப்பாங்க." எனக்கும் அப்படித்தான் படுகிறது. நீ ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு ஒரு நாள் தாங்க மாட்டாயே.

அதனால் டிக்கெட் போட்டுவிட்டேன். ஜூன் 19 வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன், 20 சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு இறங்குகிறேன். டாக்டர் இன்னும் தள்ளிப்போட்டால் அப்புறம் விமானத்தில் ஏற்றவே மாட்டேன் என்றுவிட்டார். இப்போது விட்டால் பிறகு இல்லை.

விமான நிலையத்துக்கு நீ வர வேண்டாம், அத்தானை அனுப்பு. என்னைப் பார்த்ததும் நீ அழுவாய். நான் இளைத்திருக்கிறேன், கொஞ்சம் கறுத்திருக்கிறேன். வீட்டில் வைத்து அழு.

தம்பி

--

ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் சமையல்காரர் இருந்தால் நல்லது.

ஏப்ரலில் படம் எடுத்தவர் என்னை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எப்பவாவது வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். "எதையாவது எடுத்தாங்களா?" இல்லை. அப்புறம் போய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் பார்த்துவிட்டு, "இடது பக்கம் காலியா இருக்கேம்மா" என்றார்கள்.

எனக்கு இருப்பதே ஒன்றுதானாம். பிறக்கும்போதே. ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி இருக்குமாம், தெரியாமலேயே வாழ்ந்து முடித்துவிடுவார்களாம். நாற்பத்து மூன்று வருஷமாக ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டு இருக்கிறது, ஒன்று உனக்கு என்று நான் வீறாப்பாக எழுதியிருக்கிறேன்.

அத்தானும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றார். அவர் ரத்த வகையே வேறு. சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே இருப்பது இரண்டு டயாலிசிஸ் மெஷின். ஒன்று ரிப்பேர். ஆபரேஷனுக்கு ஆள் தயாராக இருந்தால்தான் அதுவரைக்கும் இடம் தருவார்கள். இல்லையென்றால் பதினான்கு பேருக்குப் பின்னால் பதினைந்தாவதாக நிற்க வேண்டும். ஒருவர் போனால்தான் ஒருவருக்கு இடம். எப்படிப் போவார்கள் என்று நான் கேட்கவில்லை.

உன்னிடம் இதை மறைத்தது தப்பு. தெரிந்துதான் மறைத்தேன். அந்தக் கடிதத்தில் வெயிலைப் பற்றி எழுதும்போதே கை கூசியது. உனக்கு இருந்தது அந்த ஒரு நினைப்பு, அதையும் நானே எப்படிப் பிடுங்குவேன் என்று இருந்துவிட்டேன்.

கிளம்பாதே. அங்கேயே மெஷினை விடாமல் இரு. என்னைத் திட்டி எழுது, நான் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா

--

ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. உயிரோடு இருக்கிறேன், நடுவழி ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அத்தான் விமான நிலையத்தில் காத்திருந்து ஏமாந்திருப்பார். மன்னிக்கச் சொல்.

முதல் விமானம் அட்டவணைப்படி ஏழு மணி பத்து நிமிடத்தில் வந்தது. ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியே புழுதிப் புயல் கிளம்பிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் விமானமே தெரியவில்லை. ஐந்து எட்டாயிற்று, எட்டு பதினைந்தாயிற்று, கடைசியில் இருபத்தொரு மணி நேரம். தூரம் மாறாது அக்கா. அதே ஐயாயிரத்து நானூறு கிலோமீட்டர்தான் மீதி. நேரத்தைத்தான் நம்பக் கூடாது.

கூடத்தில் குளிர்சாதனம் நின்றுவிட்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். ஒரு மடக்கு என்றுதான் வாயில் வைத்தேன். முழுதையும் குடித்துவிட்டேன். அவ்வளவு ருசியாக எதையும் நான் குடித்ததில்லை.

விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாயிற்று. மூச்சு வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது என்று பக்கத்தில் இருந்த அம்மாள்தான் மணியடித்தார். இறக்கிவிட்டார்கள். என் பெட்டியைத் தேடி எடுக்க இன்னும் அரை மணி, அந்த விமானத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைச் சபித்திருப்பார்கள்.

இங்கே இரண்டு தடவை மெஷினில் போட்டார்கள். நெஞ்சில் ஏறின தண்ணீர் இறங்கியிருக்கிறது. நன்றாகத் தேறின பிறகுதான் ஏற்றுவார்களாம். தையல் கூடத்து நம்பருக்குப் போன் போடச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சினேன், இந்த வார்டில் வெளிநாட்டு லைன் கிடையாது. சமையல்காரருக்கும் இந்த முகவரியை எழுதியிருக்கிறேன்.

பாதிக்கு மேல் வந்துவிட்டேன். மீதி ஆறரை மணி நேரம்தான். ஆஸ்பத்திரியில் என் இடம் போய்விடாமல் பார்த்துக்கொள்.

தம்பி

--

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஜூன் பத்தாம் தேதி எழுதிய கடிதம் நான் கிளம்பின பிறகு அறைக்கு வந்திருக்கிறது. சமையல்காரர் பிரிக்காமல் இங்கே அனுப்பினார். இன்று காலை கிடைத்தது.

கோபம் இல்லை. நிஜமாகத்தான் எழுதுகிறேன். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்குள் எல்லாவற்றையும் பாதி பாதியாகப் பிரிப்போமே, கடவுள் உனக்கு முன்கூட்டியே பாதியைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறார். சிரித்ததில் மூச்சு வாங்கியது, நர்ஸ் வந்து கடிதத்தைப் பிடுங்கி வைத்தாள். ஒன்று கேட்கிறேன்: இருக்கிற அந்த ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா? தண்ணீர் நிறையக் குடி. நீயாவது குடி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே என்னை ரொம்ப நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள், நான் வழிப்போக்கன். 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஒரு நர்ஸைத் துணைக்குப் போட்டு விமானத்தில் அனுப்புகிறார்கள். எந்தப் பக்கம் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம்.

திரும்பிப் போனால் மெஷின் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி. அறை இருக்கிறது, ஒட்டுச்சீட்டு வேலை இருக்கிறது. எத்தனை வருஷமோ தெரியாது, ஆனால் வருஷம். இன்னொரு தடவை இவ்வளவு தூரம் பறக்க என் இதயம் தாங்காது என்று இந்த டாக்டர் காகிதத்திலேயே எழுதிவிட்டார். அப்படியென்றால் உங்களையெல்லாம் இனிப் பார்க்கப் போவதில்லை.

உன் பக்கம் வந்தால் மெஷின் இல்லை. மெஷின் இல்லாமல் எத்தனை நாள் என்று கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு வாரம். ஆனால் உன் வீட்டில்.

மூன்று நாளாக வார்டு கூரையைப் பார்த்துக்கொண்டு யோசிக்கிறேன் என்று எழுதினால் பொய், கடிதம் வந்ததே இன்று காலைதான். ஆனால் மூன்று நாள் போன மாதிரி இருக்கிறது. என்னால் முடிவு பண்ண முடியவில்லை அக்கா. நீ சொல்லு. எது சொன்னாலும் கேட்கிறேன். கடிதம் வேண்டாம், தந்தி அடி. ஒரு வார்த்தை போதும்.

தம்பி

--

தந்தி. ஜூலை 15, காலை 10.40

வா. அக்கா.

--

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய அறையிலிருந்துதான் எழுதுகிறேன். சமையல்காரர் என் கட்டிலை அப்படியே வைத்திருந்தார். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமை என்றவர்கள் புதன்கிழமை காலை ஏழு மணிக்கே வந்து எழுப்பினார்கள். துணை வரும் நர்ஸுக்கு அன்றுதான் சீட் கிடைத்ததாம். "எந்தப் பக்கம்?" என்றார்கள். தந்தி ஏதாவது வந்ததா என்று கேட்கச் சொன்னேன். ஆபீஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். கொஞ்ச நேரம் கொடுங்கள் என்றேன். வண்டி கீழே நிற்கிறது என்றார்கள்.

அக்கா சும்மா இருக்கிறாள் என்றால் வராதே என்று சொல்ல வாய் வரவில்லை என்றுதான் அர்த்தம், அதைத் தம்பியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பக்கம் என்று கையைக் காட்டிவிட்டேன். சரியாக ஏழு மணி இருபது நிமிடம். காற்று எதிரே அடித்ததாம், பத்து நிமிடம் கூடுதல். ஜன்னல் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

இங்கே டாக்டர் என் காகிதத்தில் இனி விமானப் பயணம் கூடாது என்று சிவப்பில் எழுதிவிட்டார். கொட்டகையில் பெட்டி தூக்க விடுவதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒட்டுச்சீட்டு மட்டும். நேற்று உன் பக்கம் போகும் பெட்டிகள் பதினொன்று வந்தன. ஒட்டினேன்.

ஒன்று மட்டும் மனசை அரிக்கிறது. தந்தி அடித்தாயா? அடித்திருந்தால் என்ன அடித்தாய்? வா என்று சொல்லி நான் வராமல் போயிருந்தால், அந்த நினைப்போடு என்னால் அந்த மெஷினில் நாலு மணி நேரம் படுக்க முடியாது. ஒருநாள் குழாயைப் பிடுங்கிவிடுவேன். உண்மையை எழுது. தந்தி திரும்பி வந்திருந்தால் அதையே உறையில் போட்டு அனுப்பு.

தம்பி

--

ஆகஸ்ட் 6

அன்புத் தம்பிக்கு,

உன் கையெழுத்தில் உறையைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நேராயிற்று. அத்தான் நலம். சின்னவள் நலம். நான் ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் குடிக்கிறேன், நீ சொன்னபடி.

டிக்கெட் போட்டதாக நீ எழுதிய கடிதம் ஜூன் 20 காலையில்தான் கையில் கிடைத்தது. அன்று சாயங்காலம் நீ இறங்குகிறாய்! பணிமனையில் ஒரு வண்டியைக் கேட்டு வாங்கி மூன்று பேரும் ஓடினோம். நீ வர வேண்டாம் என்று எழுதியிருந்தும் நானும் போனேன். பலகையில் "தாமதம்" என்றே காட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மத்தியானம் விமானம் வந்தது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், அப்புறம் பெட்டி தள்ளுகிறவர்கள் வந்தார்கள், அப்புறம் கூட்டுகிறவர்கள் வந்தார்கள். "மாமா வரலையாம்மா?" என்று சின்னவள் கேட்டாள். கேட்டதும் தப்பாகக் கேட்டுவிட்டது மாதிரி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உன்னை யார் என்று கேட்கவில்லைடா. அவளுக்குத் தெரியும்.

நீ என்னை முடிவு கேட்ட கடிதம் திங்கள்கிழமை கிடைத்தது. செவ்வாய் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றேன். அந்த ரிப்பேர் மெஷினை அத்தான் தானே சரிபண்ணித் தருகிறேன் என்று பெரிய டாக்டரிடம் கேட்டார். "பஸ் இன்ஜின் இல்லைங்க இது" என்றார் அவர். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

புதன்கிழமை காலையில் தந்தி அடித்தேன். ஆமாம், அடித்தேன். "திரும்பிப் போ" என்று அடித்தேன். தந்தி ஆபீஸில் இருந்தவர், "இன்னும் நாலஞ்சு வார்த்தை எழுதலாமேம்மா, காசு ஒண்ணுதான்" என்றார். எனக்கு அதற்கு மேல் வரவில்லை. நாலு நாள் கழித்து, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. உறையில் போட்டு அனுப்பச் சொல்கிறாய். அது தையல் கூடத்தில் வெட்டுத் துணியோடு சேர்ந்து போய்விட்டது, எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

ஆகையால் நான் சொன்னதைத்தான் நீ செய்திருக்கிறாய். சொல் காதில் விழுவதற்கு முன்பே செய்துவிட்டாய். சின்ன வயதில் ஒரு தடவையாவது அப்படிக் கேட்டிருக்கிறாயா? திங்கள், புதன், வெள்ளி விடாமல் போ. குழாயைத் தொடாதே. உன்னைப் போகச் சொன்னவள் நான். வருத்தப்பட வேண்டியதும் நான், அந்த வேலையை நீ எடுத்துக்கொள்ளாதே.

வாரம் ஒரு கடிதம் போடு. ஒன்றும் இல்லையென்றால் எத்தனை பெட்டி ஒட்டினாய் என்றாவது எழுது.

உன் அக்கா